தேற்றரவு



துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். ‘சொல்வது’ என்ற அந்த வினையிலேயே எனக்குத் தயக்கம் உண்டு. துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில் நம்முடைய சொற்களால் நேர்ந்த காயங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் பரிசுத்த ஆவியானவரைத் ‘தேற்றரவாளன்’ என்று அழைத்தார்கள். கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு, அருகில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது பொருள். தமிழில் வாய்த்த சொல்லோ நம் வீட்டுச் சொல். ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த இந்தச் செங்கற்பட்டுச் சீமையில், கலங்கிய நீர் தெளியும்பொருட்டுப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு, சேறு தானாக அடியில் படியுமளவும் அந்தப் பானையை ஒருவரையும் அசைக்க விடாமல் காத்திருந்த நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளையும் செல்வத்தையும் ஒருங்கே இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைக் காண வந்த சிநேகிதர் மூவரும், ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களைப் பழிக்காத பிரசங்கியார் அரியர். நானோ அந்த ஏழு நாட்களுக்காக அவர்களை வணங்குகிறேன். யோபு புலம்பத் தொடங்கியதும், அவன் துன்பத்துக்கு அவன் பாவத்தையே காரணமாகக் கற்பிக்கப் புகுந்தார்களே, அப்போதுதான் பானையை அசைத்துவிட்டார்கள்.

நம் ஊருக்கு அருகே திருமணி இருக்கிறது. அங்குள்ள தொழுநோய் நிலையம் 1955-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாவதற்கு முன்பு, லேடி வில்லிங்டன் பெயரால் வழங்கிய காலத்தில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே நோயாளிகளுக்காக உழைத்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை நிபுணராயிருந்த டாக்டர் பால் பிராண்டை, 1947-இல் காக்ரேன் அங்கே அழைத்துச் சென்றார். வழியெல்லாம் விரல்கள் மடங்கி விறைத்த கைகள். ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் வினவ, எலும்பு மூட்டு வைத்தியராகிய நீரல்லவோ அதைச் சொல்ல வேண்டும் என்ற கருத்தில் காக்ரேன் அவரையே திருப்பிக் கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். உயிரற்றதென்று எல்லோரும் கைவிட்ட அந்தக் கை, வைத்தியருக்கு வலிக்கும்படி இறுகியது! நோய் சில நரம்புகளைத்தான் கெடுத்திருக்கிறது, வலுவுள்ள தசைகள் இன்னும் மீந்திருக்கின்றன என்று அந்த வலியினாலே அறிந்தவர், பிற்பாடு வேலூரில் நல்ல தசையின் நாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். குஷ்டரோகியைச் சொல்லால் மாத்திரம் சொஸ்தமாக்க வல்ல இயேசுநாதர் கையை நீட்டி ஏன் தொட்டார் என்பது, திருமணியை அறிந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில், மாமல்லபுரம் கடற்கரையையும் ஆழிப்பேரலை தாக்கியது. பாவத்தின் சம்பளம் இது என்று பேசியவர்களும் அந்நாட்களில் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் தீர்த்துச் சொன்னதை அப்படிப் பேசியவர்கள் எப்படி மறந்தார்களோ!

அந்த வாரத்தில் ஒரு குப்பத்துக்கு, ஜெபத்தையும் ஆறுதல் மொழியையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு நானும் போனேன். மகனைப் பறிகொடுத்த ஒருவர், மணலும் முள்ளும் சுற்றிக் கிடந்த வலையின் எதிரே வெறுமனே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில், பக்கத்துக் குடிசையிலிருந்து முதியவர் ஒருவர் வந்து, அவர் முகத்தைக்கூடப் பாராமல், வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சிக்கெடுக்கத் தொடங்கினார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மகனை இழந்தவரின் கையும் வலைக்குப் போயிற்று. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு மணலில் உட்கார்ந்தேன்.