பரிசோதனைச்சாலையும் நம் குடும்பங்களும்

(தாம்பரத்தில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



இம்மன்றத்தில் கல்வியைப்பற்றியும், விவாகச் செலவைப்பற்றியும், மாணவர்க்கு அளிக்கும் உபகாரச் சம்பளத்தைப்பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவ்வளவு பழக்கமானதன்று. ஆயினும் அதனோடு சம்பந்தமில்லாத இல்லம் நம்மவருள் ஒன்றேனும் இராது. நம் இரத்தத்தையும் சளியையும் சதையையும் சோதித்து, இன்ன நோய் உண்டு, இன்னது இல்லை என்று எழுதிக்கொடுக்கும் பாதாலஜிஸ்டு, அதாவது நோய்க்குறியியல் வைத்தியர், என்பாரைக் குறித்தே சில வார்த்தை சொல்ல விரும்புகின்றோம். வைத்திய சாஸ்திரம் கற்றவரல்லோம். குடும்பஸ்தர் என்ற முறையில் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே சபையோர்முன் வைக்கின்றோம்.

பத்து நாள் விடாமல் ஜுரம் காய்ந்தால் வைத்தியரிடம் செல்கின்றோம். அவர் நாடி பார்த்து, மார்பைச் சோதித்து, ஒரு சீட்டில் இரத்தப் பரிசோதனை எழுதித் தருகின்றார். பல்லாவரம் முதல் வண்டலூர் வரையில் பெருஞ்சாலையின் இருமருங்கும் பரிசோதனைச்சாலைகளின் பலகைகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றிற்குட் புகுந்து கையை நீட்டுகின்றோம். மாலையில் ஒரு காகிதம் வருகின்றது. காலைக்கும் மாலைக்கும் நடுவே அவ்விரத்தத்தை யார் கண்டார், எவ்வாறு கண்டார் என்று நம்மில் கேட்டவர் எத்தனை பேர்? வைத்தியர் கொடுக்கும் மருந்தும், செய்யும் சத்திர சிகிச்சையும் அக்காகிதத்தின்மேல் நிற்கின்றன. அஸ்திவாரத்தைப் பாராமல் வீடு வாங்குவார் உண்டோ?

நோய்க்குறியியல் வைத்தியர் ஆவதற்கு ஒருவர் முதலில் மற்ற வைத்தியரைப் போலவே ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்து முடித்தல் வேண்டும். அதன்பின் இத்துறையிலேயே மூன்று வருஷம் எம்.டி. பட்டத்திற்குப் பயில வேண்டும். இரத்தத்தின் அணுக்களை ஆராய்தல், உடம்பிலிருந்து எடுத்த சதையை ஆராய்தல், ஊசியால் உறிஞ்சிய அணுக்களை ஆராய்தல் எனப் பல கிளைகளிலும் அவர் கைதேர்ந்தவராதல் வேண்டும். ஆகவே, இரத்தம் எடுப்பவரும், யந்திரத்தை நடத்துபவரும், முடிவைத் தீர்மானிப்பவரும் ஒருவரே என்று எண்ணுதல் பிசகு. முன்னிருவரும் தத்தம் வேலையில் தேர்ந்தவராயிருப்பினும், கண்டதை இன்னதென்று நிச்சயிக்கும் பொறுப்பு நோய்க்குறியியல் வைத்தியரையே சார்ந்தது.

அவர் வேலையின் நுட்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். மார்பில் கட்டி கண்ட ஒரு தாயாரிடமிருந்து சிறு துணுக்குச் சதை எடுக்கப்படுகின்றது. அதனைப் பார்மலின் என்னும் திராவகத்தில் இட்டுக் கெடாமற் காக்கின்றனர். பிறகு அதிலுள்ள நீரைப் படிப்படியாய் நீக்கி, உருக்கிய மெழுகை ஊட்டிக் கட்டியாக்குகின்றனர். அம்மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள இழைகளாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இருவகைச் சாயம் தீட்டுகின்றனர். அணுவின் கரு நீலமாகவும் ஏனைய பாகம் இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அதனை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, அணுக்கள் ஒழுங்காய் நிற்கின்றனவா, வரம்பு மீறிப் பரவுகின்றனவா என்று வைத்தியர் நோக்குகின்றார். இதற்கு ஒரு நாளோ, இரண்டு நாளோ, எலும்பாயின் அதற்கு மேலோ ஆகும். “இன்னும் ரிப்போர்ட்டு வரவில்லையா?” என்று நாம் பதறுவது இயல்பே. ஆனால் அவசரத்தில் எழுதிய ஒரு சொல், இல்லாத புற்றுக்கு மார்பை அறுக்கவும், இருக்கும் புற்றை வளரவிடவும் கூடும்.

அவர்முன் வரும் கண்ணாடித் தகட்டில் ஓர் எண்ணும் பெயரும் வயதும் உண்டு. குலம் இல்லை, கோத்திரம் இல்லை, சொத்துக் கணக்கும் இல்லை. நம்மவர் ஆனாலும் பிறர் ஆனாலும் அவர் கண்ணுக்கு ஒரே அணுக்கள்தாம். உள்ளதை உள்ளபடி சொல்லுவதே அவர் தர்மம். அந்தத் தர்மத்துக்கு நம் சென்னையிலேயே சிறந்த திருஷ்டாந்தம் ஒன்று உண்டு.

டாக்டர் ஸுநிதி ஸாலமன் என்ற அம்மையாரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னையில் கெய்டொண்டே என்ற குடும்பத்திற் பிறந்து, சென்னை வைத்தியக் கலாசாலையிற் பயின்று, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா தேசங்களில் நோய்க்குறியியலில் பயிற்சி பெற்று, 1973-ம் வருஷத்தில் தாயகம் திரும்பினார். பின்பு நுண்ணுயிரியலில் பட்டம் பெற்று, தாம் பயின்ற கலாசாலையிலேயே பேராசிரியரானார். எய்ட்ஸ் என்னும் நோய் மேனாட்டாருடையது, ஒழுக்கமுள்ள நம் தேசத்தில் அதற்கு இடமில்லை என்று பெரியோரும் பத்திரிகைகளும் நம்பியிருந்த காலம் அது. அம்மையார் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவை அவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தினார்.

நிர்மலா அம்மையார் சென்னையில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்களிடம் சென்று, கையுறையுமின்றி இரத்தம் சேகரித்தார். அதிலிருந்து பிரித்த தெளிநீரைத் தம் இல்லத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986-ம் வருஷம் பிப்ரவரியில் கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலைக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. மறுபடியும் இரத்தம் எடுத்து அமெரிக்காவில் வேறு முறையாற் சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. அவ்வருஷம் மே மாதத்தில் சுகாதார மந்திரி டாக்டர் ஹண்டே சட்டசபையில் அதனை வெளியிட்டார். இத்தேசத்தில் அந்நோய் உண்டென்பது முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறே. பலர் நம்ப மறுத்தனர். ஆனால் இரத்தம் பொய் சொல்லவில்லை.

ஸுநிதி அம்மையார் அறிக்கை எழுதியதோடு தம் கடன் தீர்ந்ததென்று இருந்துவிடவில்லை. நோயாளிகளைத் தொடவும் வைத்தியர் சிலர் அஞ்சுவதைக் கண்டு, 1993-ம் வருஷத்தில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். நமக்கு அணித்தான தரமணியில், வாலண்டரி ஹெல்த் சர்வீஸ் வைத்தியசாலை வளாகத்தில் அது பல்லாண்டு பணியாற்றிற்று. அவர் 2015-ம் வருஷம் ஜூலை மாதம் காலமானார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அந்த ஸ்தாபனத்திற்கு வந்த பெண்களைப்பற்றி 2000-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டுகின்றோம். நோய் கண்ட அப்பெண்களிற் பெரும்பாலோர் தம் கணவரையன்றி வேறு புருஷரை அறியாதவர்கள். தாலி ஏறியதொன்றே அவர்களுக்கு வந்த ஆபத்து. மகனுக்கு நோய் இருப்பதை அறிந்தும் மறைத்துப் பெண் தேடிய பெற்றோரையும் அம்மையார் கண்டிருக்கின்றார். அதனால் நோய் கண்ட ஆணையும் நோய் கண்ட பெண்ணையும், இருவர் மனமும் ஒப்ப, மணத்தால் சேர்த்துவைக்கும் காரியத்தையும் அவர் செய்தார். ஜாதகத்தோடு இரத்த அறிக்கையையும் ஒத்துப் பார்த்த கலியாணத் தரகர் என்று அவரை அன்போடு சொல்லலாம்.

தாம்பரத்தில் வாழும் நமக்கு இச்சரித்திரம் அந்நியமன்று. டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார் 1928-ம் வருஷத்தில் க்ஷயரோகிகளுக்கென்று இங்கு அமைத்த ஸானடோரியத்தை 1937-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்டனர். அதன் பெயரால் ரயில் நிலையமே இருக்கின்றது. க்ஷயம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவும் கூசி, பெண்ணுக்கு வரன் கிடைக்காதே என்று இருமலை மறைத்துவைத்த குடும்பங்கள் ஒரு காலத்தில் அநேகம். பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகள் வேறு புகலின்றி நாற்றிசையிலிருந்தும் வந்து சேர்ந்ததும் இவ்வாஸ்பத்திரிக்கே. 2004-ம் வருஷம் ஏப்ரல் முதல் சர்க்கார் இலவச மருந்து வழங்கத் தொடங்கிய முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. இன்று க்ஷயம் மருந்தால் தீருகின்றது. எய்ட்ஸ் கிருமி உடையவரும் முறையாக மருந்துண்டால் நெடுநாள் வாழலாம். நோயற்ற குழந்தையைப் பெறலாம். இந்நாளில் உயிரை வாங்குவது நோயைக் காட்டிலும் மறைவே என்று சொல்லத் தோன்றுகின்றது.

இனி நம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்கவை என்று நாம் கருதுவனவற்றைச் சுருங்கச் சொல்லுகின்றோம்.

முதலாவது, பரிசோதனைச்சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணக் கழிவை மாத்திரம் பாராதீர்கள். அங்கு நோய்க்குறியியலில் பட்டம் பெற்ற வைத்தியர் உண்டா, அறிக்கையில் அவர் பெயரும் பதிவு எண்ணும் கையொப்பமும் உண்டா என்று பாருங்கள். பரிசோதனை அறிக்கையில் கையொப்பமிடத் தக்கவர் அத்துறையில் மேற்பட்டம் பெற்ற வைத்தியரே என்று 2017-ம் வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். சிறு சோதனைச்சாலைகளுக்குப் பின்னர் விதிகளில் சற்றுத் தளர்வு கொடுக்கப்பட்டிருப்பினும், கேட்டறியும் உரிமை நம்முடையதே.

இரண்டாவது, சோதனைக்குரிய நியமங்களை வழுவாது காத்தல் வேண்டும். வெறும் வயிறு என்றால் காப்பியும் கூடாது. சளி என்றால் எச்சில் அன்று. மார்பின் ஆழத்திலிருந்து காறியது வேண்டும். உண்ணும் மருந்துகளை மறையாமற் சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, பழைய அறிக்கைகளைப் பத்திரத்தைப்போலப் பேணுங்கள். சதைப் பரிசோதனை நடந்திருந்தால், அதன் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் கேட்டுப் பெற்று மற்றொரு நிபுணரிடம் காட்டலாம். பெருஞ்சிகிச்சைக்கு முன் அவ்வாறு செய்தல் எவரையும் அவமதிப்பதாகாது.

நான்காவது, விவாகம் பேசும்போது பிள்ளையும் பெண்ணும் மனமிசைந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கத்தை நம்மவரிடையே உண்டாக்க வேண்டும். இதில் பலாத்காரம் கூடாது. எய்ட்ஸ் கிருமியைப்பற்றிய 2017-ம் வருஷத்துச் சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதையும், நோயாளரை விலக்கிவைப்பதையும் தடுக்கின்றது. முடிவு அவ்விருவருக்கே உரியது. ஊர் வாய்க்கு உரியதன்று. ஒரு வீட்டில் நோய் கண்டால் அவ்வீட்டாருடன் கொள்வினை கொடுப்பினையை நிறுத்துவது சங்கத்துக்கு அழகன்று. நோயாளிக்குப் பரிந்து நில்லாத உறவு என்ன உறவு?

ஐந்தாவதாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வைத்தியம் பயிலும் நம் யுவர்களும் யுவதிகளும் பேரும் பணமும் தரும் துறைகளையே நாடுகின்றனர். நோய்க்குறியியலில் மேற்படிப்புக்குச் செல்லும் ஒரு மாணவர்க்கு வருஷந்தோறும் உபகாரச் சம்பளம் அளிக்க நிர்வாக சபையார் ஆலோசிக்க வேண்டுகின்றோம். நோயாளியின் கும்பிடும் மாலையும் அவ்வைத்தியருக்குக் கிடைப்பதில்லை. தம்மால் உயிர் பிழைத்தவரை வீதியில் கண்டாலும் அவர் அறியார். அத்தகைய தொண்டுக்கு ஒருவரை அனுப்புதல் நம் சங்கத்துக்குக் கீர்த்தி தரும்.

 நம் குடும்பங்கள் உள்ளதை உள்ளபடி அறியும் துணிவும், அறிந்ததைத் தாங்கும் அன்பும் பெற்று, நோயற்ற வாழ்வு எய்துக என்று வேண்டி அமைகின்றோம்.