உயர்தரம் முடித்த கையோடு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1981 உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



வலைப்பந்தையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி மற்ற வகுப்பினர் அழகாகப் பேசிவிட்டார்கள். நாங்கள் வேலை தேடிய கதையைச் சொல்கிறோம்.

எங்கள் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் சிலரே. மற்றவர்களின் வீடுகளில் இரண்டே பேச்சு: கலியாணம், இல்லாவிட்டால் உத்தியோகம். உத்தியோகம் என்றவர்கள் பெறுபேறு வரமுன்னரே ரைப்பிங் வகுப்பில் சேர்ந்தோம். தமிழ் மொழிமூலம் படித்த நாங்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்குப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முதற்கேள்வி எந்த மொழி என்பதுதான். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க வேலை என்றால் சிங்களம். 1978 யாப்பு தமிழையும் தேசிய மொழி என்று ஏற்றது. அரசகரும மொழி சிங்களமாகவே இருந்தது. கோட்டைக் கம்பெனிகளுக்கு ஆங்கிலம் வேண்டும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் தமிழே போதும், ஆனால் அங்கே கணக்கெழுதப் பெண்பிள்ளைகளை எடுப்பது குறைவு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் தெருவில் விளையாடியே சிங்களம் பழகியவர்கள். நேர்முகப் பரீட்சைகளில் அவர்கள் முந்திக்கொள்வார்கள். வெள்ளவத்தைக்காரர் எங்களுக்குப் பொறாமைதான்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானியை ஒருத்தி வாங்கினால் ஆறு பேர் பார்ப்போம். சான்றிதழ்களைப் பிரதி பண்ணி, உண்மைப் பிரதி என்று சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்புவோம். ஒரு கம்பெனியில் எங்களில் ஒருத்தியிடம் அவர்கள் கேட்டது எப்போது கலியாணம் என்பதை மட்டுமே. ரைப்பிங் வேகத்தைக் கேட்கவே இல்லை.

ஒருவழியாக வேலை கிடைத்துச் சம்பளம் எடுக்கத் தொடங்கியபோது 1983 ஜூலை வந்தது. வீடு எரிந்தவர்களின் சான்றிதழ்களும் வீட்டோடு எரிந்தன. சிலர் முகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள், சிலர் சென்னைக்கு, பிறகு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும். போன இடமெல்லாம் மறுபடியும் விண்ணப்பம். மூலப் பிரதியைக் கொண்டுவா என்றார்கள்.

பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றை மீளக் கேட்பதென்றால் சுட்டெண்ணும் ஆண்டும் வேண்டும். மாற்றுடுப்பு இல்லாமல் ஓடியவளுக்குச் சுட்டெண் ஞாபகம் இருக்குமா? அது பாடசாலை அலுவலகத்தில் இருந்தது. நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு அங்கிருந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டி, சுட்டெண்ணும் விடுகைப் பத்திரத்தின் பிரதியும் வான்தபாலில் அனுப்பினார்கள். பிறந்த திகதிக்கும் படித்த படிப்புக்கும் எங்களில் சிலரிடம் அப்போது வேறு அத்தாட்சி கிடையாது. அந்த ஒற்றைத் தாளை வைத்துத்தான் வேலை கேட்டார்கள். ஒருத்தி அதை இன்றும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பட்டச் சான்றிதழ் அதற்குக் கீழேதான் தொங்குகிறது.

1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்றைய பிள்ளைகள் விண்ணப்பங்களைக் கைபேசியிலேயே அனுப்புகிறார்கள். ஆனாலும் படிவத்தின் கடைசியில் அந்தப் பழைய கட்டம் மாறவில்லை: உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, முகவரி. உத்தியோகம் பார்த்தவர் எவரும் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே யாரை எழுதுவாள்? கிராம சேவகரை எழுதுகிறாள், அடுத்தவர் யாரென்று தெரியாமல் நிற்கிறாள். இந்த மண்டபத்தில் வங்கி முகாமையாளர்கள், தாதியர், கணக்காளர், சட்டத்தரணிகள் இருக்கிறோம். ஒரு பிள்ளையை வரச்சொல்லி அரை மணித்தியாலம் பேசிப் பார்த்து, அந்தக் கட்டத்தில் எங்கள் பெயரை எழுதச் சம்மதிப்பது பெரிய காரியம் அல்ல. வெளியே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். சம்மதமானவர்கள் பெயரும் தொழிலும் எழுதிவிட்டுப் போங்கள். பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் சனிக்கிழமைகளில் நேர்முகப் பயிற்சி கொடுக்க எங்களில் நான்கு பேர் தயார்.

இன்னொன்று. போன மாதம் அந்தப் பதிவேடுகளைப் போய்ப் பார்த்தோம். பழையவற்றின் ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன, சில பக்கங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கான் பண்ண அதிபர் அனுமதி தந்திருக்கிறார். முதற்பகுதிச் செலவு எங்கள் வகுப்பினுடையது. மிச்சத்துக்கு மற்ற வகுப்புகளிடம் வருவோம். எங்களைக் கண்டதும் ஒளிக்காதீர்கள்!