தரவரிசையா, கேட்பு வரிசையா?



இன்றைய உரையை ஒரு சொல்லிலிருந்து தொடங்க விழைகின்றேன். ஒரு நாட்டில் வாரந்தோறும் மிகுதியாகக் கேட்கப்படும் பாடல்களை ஒன்று, இரண்டு, மூன்று என நிரல்படுத்தும் பட்டியலை நாம் 'தரவரிசை' என்கின்றோம். தரம் என்னும் சொல்லுக்குப் படி, நிலை என்னும் பொருள்களும் உள. ஆயினும் கேட்போர் நெஞ்சில் முந்தி நிற்பது சிறப்பு என்னும் பொருளே. ஆகவே, பட்டியலில் உள்ள பாடல் சிறந்தது, இல்லாத பாடல் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மை அறியாமலே வேரூன்றுகின்றது. மலேசியத் தமிழ்ப் பாடல்களை நம் இளையோரே குறைவாக மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அம்மதிப்பீடு பிழையானது என்பதை, இப்பட்டியல்கள் உருவாகும் முறையைக் கொண்டே விளக்க முயல்வேன்.

1952 நவம்பர் 14ஆம் நாள், இங்கிலாந்தின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ் அந்நாட்டின் முதல் பாடல் விற்பனை வரிசையை வெளியிட்டது. இதழின் பணியாளர் ஒருவர் ஏறத்தாழ 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எவை மிகுதியாக விற்றன என்று கேட்டுத் தொகுத்தார். ஒரு நாட்டின் விருப்பம் என்று அச்சேறியது, அந்த இருபது கடைக்காரர்களின் மறுமொழியே.

அதே ஆண்டு டிசம்பரில், நமக்கு அண்மையிலுள்ள கொழும்பில் இலங்கை வானொலி 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அமீன் சயானியின் குரலில் ஒலித்த அந்நிகழ்ச்சி, காலப்போக்கில் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. இசைத்தட்டு விற்பனையை மட்டும் நம்பாமல், ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் வாக்கையும் அது சேர்த்துக்கொண்டது. இசைத்தட்டு வாங்க இயலாதவரும் பாடலை விரும்புவார் அன்றோ?

எண்ணும் முறை மாறினால் வரிசையே மாறும் என்பதற்குத் தக்க சான்று அமெரிக்காவில் உண்டு. 'பில்போர்டு' இதழ் நெடுங்காலம் கடைக்காரர்களின் வாய்மொழியைக் கொண்டே தொகுப்புகளை வரிசைப்படுத்தியது. 1991 மே மாதத்தில், விற்பனையின்போது பட்டைக்குறியீட்டை வருடிப் பெறும் கணக்குக்கு மாறியது. உடனே கன்ட்ரி இசையும் ராப் இசையும் பட்டியலில் மேலெழுந்தன. மக்களின் சுவை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. முன்னர்க் குறைவாக எண்ணப்பட்டவர்கள் அன்றுதான் முறையாக எண்ணப்பட்டனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் 2017 முதல் இணையவழிக் கேட்பை அடிப்படையாகக் கொண்ட வாரப் பட்டியலை வெளியிடலாயிற்று. பில்போர்டு இதழும் 2022இல் மலேசியாவுக்கெனத் தனிப்பட்டியல் தொடங்கியது. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தெண்கள் கொண்ட பன்னாட்டுக் குறியீடு உண்டு. கேட்பை உரிய பதிவின் கணக்கில் சேர்க்க அது துணைசெய்கின்றது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் 30 நொடியேனும் ஒலித்தால்தான் அது ஒரு கேட்பு. கட்டணம் செலுத்துவோரின் கேட்புக்கு, இலவசமாகக் கேட்போரின் கேட்பைவிடக் கூடுதல் மதிப்பளிக்கும் பட்டியல்களும் உண்டு.

இம்முறையில் நம் பாடல்களுக்கு நேர்வது என்ன? மலேசியக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். எல்லாரும் ஒரே அளவு பாடல் கேட்கின்றனர் என்று கொண்டாலும், நூறு கேட்புகளில் ஏழே நமக்குரியவை. அந்த ஏழும் தமிழ்நாட்டுத் திரைப்பாடல், பக்திப் பாடல், பழைய பாடல், உள்ளூர்ப் பாடல் எனப் பிரிந்துபோகும். இல்லந்தோறும் ஒலிக்கும் உள்ளூர்ப் பாடலும் நாட்டின் முதல் இருபதுக்குள் நுழைவது அரிது. இது கணக்கின் விளைவு, கலையின் குறையன்று.

இடமும் ஒரு சிக்கல். இந்தக் கூலாயிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்குப் பணிக்குச் செல்வோர் பலர். அவர்தம் கணக்கு அந்நாட்டில் பதிவாகியிருப்பின், அவர் கேட்கும் மலேசியப் பாடல் சிங்கப்பூர்க் கணக்கில் சேரக்கூடும். காலமும் ஒரு சிக்கல். வாரக்கணக்கு, வெளியான உடனே பெருகும் பாடலுக்கு உகந்தது. பத்தாண்டுகளாகத் திருமண மண்டபங்களில் ஒலித்துவரும் பாடல் எந்த ஒரு வாரத்திலும் முந்தி நிற்பதில்லை. அங்கு ஒலிபெருக்கியில் ஒரு முறை ஒலித்து ஐந்நூறு பேர் கேட்டாலும், பட்டியலுக்கு அது ஒரே கேட்பு.

2006இல் வெளிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பை எண்ணிப்பாருங்கள். மலேசியத் தமிழ் ராப் இசை கடல் கடந்தது. அடுத்த ஆண்டே யோகி பி 'பொல்லாதவன்' திரைப்படத்தில் பாடினார். மேற்சொன்ன மலேசியப் பட்டியல்கள் எவையும் அன்று பிறக்கவில்லை. பட்டியல் இன்றியும் பாடல் தன் வழியைக் கண்டது.

ஆயினும் எண்ணிக்கை வேண்டா என்று நான் கூறவில்லை. வானொலி நிலையங்களும் விழா ஏற்பாட்டாளர்களும் விளம்பரதாரர்களும் பட்டியலைப் பார்த்தே வாய்ப்பளிக்கின்றனர். எனவே நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நம் கலைஞர்கள் பாடலைத் தளங்களில் ஏற்றும்போது மொழி தமிழ் என்பதையும், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களையும் ஒரே எழுத்துக்கூட்டலில் பதிதல் வேண்டும். இரண்டாவது, நாம் பிறர் படியெடுத்து ஏற்றிய பதிவை விடுத்து, கலைஞரின் உரிய பதிவையே கேட்டல் வேண்டும். மூன்றாவது, அன்றைய நேயர் மன்றங்களைப் போல, நம் பள்ளிகளும் மன்றங்களும் உள்ளூர்ப் பாடல்களுக்குத் தமக்கெனப் பட்டியல் தொகுத்தல் வேண்டும். எப்பாடல், எவர் எழுதியது, எந்த ஆண்டு, எங்கே கேட்டோம் என்னும் நான்கு செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாலே போதும். மாணவர்கள் இதனை இன்றே தொடங்கலாம்.

சொல்லில் தொடங்கிய நான் சொல்லிலேயே முடிக்கின்றேன். இப்பட்டியலைக் 'கேட்பு வரிசை' என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. அது என்ன செய்கின்றதோ அதையே அப்பெயர் கூறும். தரத்தை உணர்ந்து கூறும் பொறுப்பு, பாடலைக் கேட்கும் நம்மிடமே இருக்கட்டும்.