ஐம்பது கிலோ மூட்டையும் முதுகெலும்பும்
(மும்பையில் தமிழ் பேசும் சுமைப்பணித் தொழிலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



எர்கோனாமிக்ஸ் என்னும் சொல்லை மொழிபெயர்க்க நேர்ந்தபோது அகராதி எனக்குப் ‘பணிச்சூழலியல்’ என்ற சொல்லைத் தந்தது. பிழையற்ற சொல்தான். ஆயினும் அதில் முதுகும் இல்லை, மூட்டையும் இல்லை. மனித உடலுக்கு ஏற்ப வேலையை அமைப்பது என்பதே அதன் பொருள்.

நிர்வாகங்கள் நடத்தும் பயிற்சிகளோ பெரும்பாலும் தலைகீழாக உள்ளன. முழங்காலை மடக்கு, மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கு என்று ஒரு மணி நேரம் போதித்துக் கையொப்பம் வாங்கிவிடுகின்றனர். பின்னர் இடுப்பு பிடித்துக்கொண்டால், சொன்னபடி தூக்கவில்லை என்று பழி தொழிலாளியின் மேல் விழுகிறது. முறையாகத் தூக்கக் கற்பதில் தீங்கில்லை. ஆனால் லாரித் தளத்தின் உயரமும் மூட்டையின் எடையும் மாறாதவரை அக்கல்வி முதுகைக் காக்காது.

அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. தரையிலிருந்து குனிந்து எடுத்தால் அது குறையும். உடலைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். சிமெண்ட் மூட்டையோ 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை ஆணுக்கு 55 கிலோ என்கிறதே என்று முதலாளிகள் வாதிடுவர். அது மீறக்கூடாத உச்சவரம்பு மட்டுமே. அதே ஆண்டின் 127ஆம் உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்புறுதி செய்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கத்தக்க நோய்களாக 29ஐப் பட்டியலிட்டது. முதுகுத் தேய்மானம் அதில் இல்லை. ஆகவே இருபது ஆண்டுச் சுமை, ‘வயதாகிவிட்டது’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகிறது.

இனி நமக்குள் பேசவேண்டிய ஒன்று. சிறிய மூட்டை என்றதும் நம் தோழர்களே முகம் சுளிக்கின்றனர். காரணம் கூலி. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கையில் 50 கிலோ 25 ஆனால், பழைய கூலிக்கு இருமடங்கு தூக்கவேண்டும் என்று அஞ்சுகின்றனர். டன் கணக்கில் கூலி என்றாலும் குனியும் தடவைகள் இரட்டிக்கும். தள்ளுவண்டி வந்தால் குழுவில் ஆள் குறைப்பார்களோ என்ற அச்சம் வேறு. இவை நியாயமான அச்சங்கள். எனவே 25 கிலோ மூட்டை, லாரியின் மட்டத்துக்கு மேடை, தள்ளுவண்டி, ஊதியத்துடன் இடைஓய்வு, குறையாத நாட்கூலி, குறையாத ஆட்கள் ஆகியவற்றை ஒரே கோரிக்கையாக வைக்கவேண்டும். தனித்தனியே கேட்டால் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறிப்பர்.

மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டம் சுமைத் தொழிலாளர்க்கு வாரியங்களைத் தந்தது. பேச அங்கு இடமுண்டு. கையில் ஆவணந்தான் இல்லை. எனவே ஒவ்வொரு குழுவும் ஒரு குறிப்பேடு வையுங்கள். யாருக்கு, எந்த நாளில், எந்தச் சுமையில், உடலின் எவ்விடத்தில் வலி வந்தது என்று எழுதுங்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு அந்தக் குறிப்பேடுகளோடு செல்வோம்.