பாசனத் திட்டங்களில் மதிப்பீட்டு முறையும் வடிவமைப்பும்

ஓர் அணையின் உயரத்தை ஆற்றின் நீர்வரத்தும் பாறையின் உறுதியும் மட்டுமே தீர்மானிப்பதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. திட்டத்தின் பயன் எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது என்பதற்கும் அதில் பெரும் பங்குண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில், பாசனப் பணி ஒன்று ஈட்டும் வருவாய் கடன் வட்டியை ஈடுகட்டுமா என்பதே முதன்மையான கேள்வி. பஞ்சத் தடுப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1964-இல் காட்கில் குழு, சமுதாயம் பெறும் பயனைச் செலவோடு ஒப்பிடும் முறையைப் பரிந்துரைத்தது. பயன்-செலவு விகிதம் 1.5 என்பது பொது வரம்பாயிற்று. வறட்சிப் பகுதிகளுக்கு இவ்வரம்பு தளர்த்தப்பட்டது. 1983-இல் நிதின் தேசாய் குழு, முதலீடு ஈட்டும் பொருளாதார வீதத்தை அளவுகோலாகக் கொள்ளுமாறு கூறிற்று.

எடுத்துக்காட்டாக, ஓர் அணைக்கு இரு வடிவமைப்புகள் உள்ளன எனக் கொள்வோம். தாழ்ந்த அணைக்குச் செலவு 10 கோடி ரூபாய், பயன் 20 கோடி, விகிதம் 2. உயர்ந்த அணைக்குச் செலவு 16 கோடி, பயன் 28 கோடி; விகிதம் 1.75. விகிதத்தை நோக்கினால் தாழ்ந்த அணையே சிறந்தது. நிகரப் பயனை நோக்கினால், 10 கோடிக்கு எதிராக 12 கோடி தரும் உயர்ந்த அணையே சிறந்தது. கூடுதல் உயரத்தை மட்டும் தனியே கணக்கிட்டால், 6 கோடிச் செலவுக்கு 8 கோடிப் பயன். விகிதம் ஏறத்தாழ 1.33. ஆக, முழு அணை 1.5 என்ற வரம்பைக் கடக்கிறது. அதன் மேற்பகுதி கடப்பதில்லை.

அந்த மேற்பகுதியால்தான் கூடுதல் நிலம் நீரில் மூழ்குகிறது. குடிபெயர்வோரின் வாழ்வாதார இழப்பையும் சேர்க்கும்போது 6 கோடி 8 கோடியாக உயர்ந்தால், கூடுதல் உயரத்தின் நிகரப் பயன் முற்றிலும் மறைந்துவிடும்.

காலத்தின் மதிப்பும் கருதத்தக்கது. 30 ஆண்டுகளுக்குப் பின் கிட்டும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு, 5 சதவீதக் கழிவு வீதத்தில் சுமார் 23 ரூபாய். 10 சதவீதத்தில் 6 ரூபாய்க்கும் குறைவு. வீதம் உயர்ந்தால், நெடுங்காலம் நீரைச் சேமிக்கும் கான்கிரீட் பூச்சுக் கால்வாயைவிட, தொடக்கச் செலவு குறைந்த மண் கால்வாய் மேலானதாகத் தோன்றும்.

ஆகவே, பொறியியல் வரைபடம் முடிந்தபின் மதிப்பீட்டைத் தொடங்குவது முறையன்று. வெவ்வேறு உயரங்களும் வெவ்வேறு வீதங்களும் தொடக்கத்திலேயே அருகருகே வைத்துக் கணக்கிடப்பட வேண்டும். பயன் பெறுவோர் யார், இழப்போர் யார் என்பதும் திட்ட அறிக்கையில் தனித்தனியே இடம்பெற வேண்டும். அப்போதுதான் முடிவெடுப்போர் எதைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதை அறிந்தே தேர்ந்தெடுப்பர்.