தங்கவயல் குழாயும் ஊட்டி இடியும்

(காந்தலில் நண்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க என்று சொல்லிவிட்டார்கள். பேங்க் கிளார்க்கிடம் இப்படிச் சொல்லக் கூடாது. நாள் முழுக்க ரூபாய் பைசா பிசகாமல் எண்ணுகிறவன், அவிழ்த்துவிட்டால் எங்கெங்கோ போவான்.

2014 டிசம்பர் 1. ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம் வந்து நின்றது. வழக்கமான சங்கதிதான், நாம ஜன்னலைச் சாத்தியிருப்போம். ஆனால் இங்கேயுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் கிரேப்ஸ்-3 என்கிற கருவி அமைப்பு அந்த மேகத்தின் மின்னழுத்தத்தை அளந்துவிட்டது. 130 கோடி வோல்ட்! 18 நிமிஷ நேரச் சமாச்சாரம். 2019ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இடிமேகத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1929லேயே சொல்லியிருந்தார். பலூன் விட்டு அளந்தவர்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் சிக்கியிருந்தது.

எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மேகத்துக்குள் யாரும் போகவில்லை. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதிச் சிதறி, மியூவான் என்கிற துகள்கள் மழையாக இறங்குகின்றன. இப்போ கையை நீட்டினால் உள்ளங்கையில் செகண்டுக்கு ஒன்றாவது விழும். தீட்டு அதற்குத் தெரியாது. அக்ரகாரம், காந்தல் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி புகுந்து போகும். இடிமேகத்தின் மின்புலம் அந்த வரவைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது. நாளுக்குச் சுமார் 400 கோடி மியூவானை எண்ணுகிறவர்களுக்கு நூற்றுக்கு இரண்டு குறைந்தாலே கணக்கு உதைக்கும். அந்தக் குறைவை வைத்துத்தான் மேகத்தை அளந்தார்கள். எங்க கவுண்டரில் சாயங்காலம் பார்க்கிற அதே வேலை!

எண்ணுவது எதால்? 3712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், சதுர வாய், நடுவே மெல்லிய கம்பி. குழாய்கள் பழைய உருப்படி. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 1980களில் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் நடத்திய சோதனையிலிருந்து வந்தவை.

தங்கவயல் என்றதும் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வடார்க்காட்டுப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம்ம சனம் தோண்டிய குழி அது. 1965ல் அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். பம்பாய், ஒசாகா, டர்ஹாம் விஞ்ஞானிகள். அதே 1965ல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே இன்னொரு தங்கச் சுரங்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ரெய்ன்ஸ் குழுவும் கண்டது. நிறவெறி ஆட்சி நடந்த காலம். உலகத்தில் முதன்முதலாக அந்தத் துகளைப் பிடித்த ரெண்டு குழியையும் தோண்டியது யார் என்று பாருங்கள்: ஒன்று கறுப்பர், ஒன்று நாம்.

மேலே பாறை கனமாக இருந்தால்தான் மற்றத் துகள்கள் வடிகட்டப்பட்டு நியூட்ரினோ தனியாகத் தெரியும். விஞ்ஞானத்துக்கு அந்தப் பாறை திரை. சுரங்கத் தொழிலாளிக்கு அது எப்போ வெடிக்குமோ என்கிற சாவு. கட்டுரையில் விஞ்ஞானிகள் பெயர் இருக்கிறது. கருவியைச் சுமந்து இறக்கியவன் பெயர் இல்லை. விஞ்ஞானிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது பெரிய காரியம். பெயர்ப் பட்டியல் எங்கே முடிகிறது என்பதைத்தான் காட்டுகிறேன். சுரங்கத்தை 2001ல் மூடியாச்சு.

ஊட்டிக்கும் தங்கவயலுக்கும் இந்தக் குழாய்க்கு முன்னாலேயே ஒரு தொடர்பு உண்டு. நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழை, அவர் 1914ல் மறைந்த பிறகு, 1926ல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். அவருடைய மைத்துனர், அதாவது அயோத்திதாசரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன், இதே ஊரில் கணக்கராக இருந்தவர். நம்ம சாதி, அதாவது கிளார்க் சாதி!

இன்னொன்று. அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் முதல் மாநாட்டை ஊட்டியில் கூட்டியது 1891 டிசம்பர் 1. மேகத்தை அளந்த அதே தேதி. தற்செயல்தான், ஜாதகம் பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே போட்ட பத்துத் தீர்மானங்களில் ஒன்று, சிறையில் நம் ஆட்களுக்கு இழிவேலை ஒதுக்கும் விதியை எடுக்கணும் என்பது. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபர் 3ல். 133 வருஷம்! மேகத்தின் கணக்கு வில்சனிலிருந்து 90 வருஷத்தில் முடிந்துவிட்டது.

முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தலில் சரிவு என்றால் மழைக்காலத்தில் தூக்கம் கெடுகிற விஷயம். கோவிந்த் ஸ்வரூப் அந்தச் சரிவையே கருவியாகப் பார்த்தார். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலைப்பக்கத்தில் 530 மீட்டர் நீளத்துக்கு நிறுத்தினால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே பக்கமாகத் திருப்பினாலே வானத்து நட்சத்திரத்தைத் தொடரலாம். 1970ல் வேலை செய்ய ஆரம்பித்தது. கவிதை எழுதுகிறவர்கள் போய்ப் பார்க்கணும்.

எனக்கு ஒரு யோசனை. தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா, பெரியப்பா உங்க வீட்டு வகையில் இருந்தால் போய்க் கேளுங்கள். கூண்டில் கூட இறங்கிய விஞ்ஞானிகளைப் பார்த்தாரா, அந்தப் பெட்டிகளை யார் தூக்கியது, அது என்னன்னு அவருக்குச் சொன்னாங்களா? அவர் சொன்ன பாஷையிலேயே எழுதி வாங்கிட்டு வாங்க. அச்சுப் போடுவோம்.