சிரிக்கத் தெரிந்த ஆத்தா

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘நம் தாய்மார்கள் பட்ட பாடு’ என்பதாகும். பட்டார்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக நம் மேடைகளில் இதே தலைப்பில் பேசியும் கேட்டும் வந்தவன் நான். அண்ணல் அம்பேத்கரின் துணைவியார் ரமாபாய் அம்மையாரைப் பற்றிப் பேசும்போதும், அவர் வறுமையில் வாடியதையும், பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்ததையும், 1935ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்ததையும் சொல்லி அமர்ந்துவிடுகிறோம். அந்த அம்மையார் எதைக் கண்டால் சிரிப்பார் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆகவே இன்று தலைப்பைச் சற்றே மீறி, என் தாயாரின் சிரிப்பைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தாயாரை நாங்கள் ஆத்தா என்போம். என் பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. அவர் பிறந்த ஆண்டுக்குச் சான்று ஏதுமில்லை. கேட்டால், “ராசா ஆட்சி போன வருசம் எனக்கு முன்பல்லு விழுந்துச்சு” என்பார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது 1948 மார்ச் 3ஆம் நாள். பால்பல் விழும் வயதைக் கொண்டு கணக்கிட்டு 1941 என்று நானே ஓர் ஆண்டைக் குறித்து வைத்தேன். பள்ளிக்கூடத்தின் வாசலை அவர் மிதித்ததில்லை. களை எடுப்பார், நடவு நடுவார், கடலை பறிப்பார். கூலி வேலை இல்லாத நாள்களில் கல்லுடைக்கப் போவார். என் தந்தையார் அதிகம் பேசாதவர். இருவருக்கும் சேர்த்து ஆத்தாவே பேசிவிடுவார்.

ஒருவரை ஒரு முறை பார்த்தால் போதும். அவர் நடையையும் பேச்சையும் அப்படியே செய்து காட்டுவார். பேருந்து நடத்துநர், சீட்டுப் பணம் வசூலிக்க வருபவர், கணக்குப்பிள்ளை, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும் நிலக்காரர், எல்லாரும் மாலை வேளையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி கிடையாது. அது இல்லாத குறையும் எங்களுக்குத் தெரிந்ததில்லை.

சிரிப்புக்கு விலையும் கொடுத்தோம். 1977ஆம் ஆண்டாக இருக்கலாம்; எனக்கு எட்டு வயது. அறுவடைக் களத்தில் கூலி நெல் அளக்கிறார்கள். அளக்கிற மரக்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து வருவது எல்லாருக்கும் தெரியும். எவரும் வாய் திறப்பதில்லை. ஆத்தா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மிகுந்த கவலையோடு கேட்டார்: “ஐயா, மரக்காலுக்குக் காய்ச்சல் ஏதும் கண்டுச்சா? போன வருசத்துக்கு இந்த வருசம் ரொம்ப இளைச்சுப் போச்சே!” களமே சிரித்தது. அளந்தவரும் சிரித்துவிட்டார். நிலக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் தொடங்கி எட்டு நாள் எங்கள் வீட்டுக்கு வேலை இல்லை. அந்த எட்டு நாளும் ஆத்தாவும் சிரிக்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இரவில் அடுப்படியில் உட்கார்ந்து, கடன் கேட்கக்கூடிய வீடுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை நான் படுத்தவாறே பார்த்தேன். மரக்கால் பழைய அளவுக்குத் திரும்பவும் இல்லை. ‘காய்ச்சல் மரக்கால்’ என்ற பெயர் மட்டும் அதற்கு நிலைத்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் நகரத்தில், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தேன். ஞாயிறுதோறும் ஆத்தா வருவார். வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு, பேருந்துக்குக் காசில்லாத நாளில் நடந்தே வருவார். கடலை எனக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும். என்னைவிட மற்றப் பிள்ளைகளே அவர் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்பார்கள். ஊரில் தாயை விட்டுவிட்டு வந்து, இரவில் போர்வைக்குள் அழுகிற சின்னஞ்சிறுவர்கள் அங்கே பலர் இருந்தனர். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என் ஆத்தாதான்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பில், பெற்றோரை அழைத்துத் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வாங்கினார்கள். வகுப்பு ஆசிரியர் ஆத்தாவைப் பார்த்து, “கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்று கேட்டார். ஆத்தா சற்றும் தயங்காமல், “கை எங்கிட்ட இருக்குங்க ஐயா, எழுத்து உங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்துக்குவோம்” என்றார். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. இன்று நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு அருமையான விடை! ஐம்பதைக் கடந்த இந்தத் தலைமையாசிரியனுக்கு அப்படியொரு விடை வாராது. ஆனால் அன்று என் காதில் விழுந்தது அந்தச் சிரிப்பு மட்டுமே. என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஊர்த்தெருப் பையன்கள் என் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணினேன். கறுத்த பெருவிரலும், கிழிந்த முந்தானையும், மண்டிய பாதமும் அன்றுதான் முதன்முதலாக என் கண்ணுக்குத் தெரிந்தன. பேருந்து நிறுத்தம் வரை ஒன்றும் பேசாமல் நடந்து வந்து, “இனிமே நீ வராத ஆத்தா” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் வரவில்லை. கடலை மட்டும் ஊர்க்காரர் யார் மூலமாவது வந்துகொண்டிருந்தது. “உங்க ஆத்தா ஏன்டா வரல?” என்று சின்னப் பிள்ளைகள் கேட்டபோது, உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

நிற்க. 1991, 1992ஆம் ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார், அவருடைய கட்டுரை வடநாட்டுப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. அந்த இலட்சத்தில் ஒருத்தி என் ஆத்தா. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காமல், குறுக்குக் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிளை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, கண்மாய்க் கரையில் பழகினார்கள். ஆத்தா கருவேல முள்ளுக்குள் இரண்டு முறை விழுந்தார். மூன்றாம் முறை கல்லின்மேல் விழுந்ததில் முன்பல் ஒன்று போயிற்று. “ராசா ஆட்சியில ஒரு பல்லு, கலெக்டரம்மா ஆட்சியில ஒரு பல்லு” என்று வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார்.

இளைஞர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. எனினும் 1992இலும் எங்கள் ஆண்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் போக முடியாது. தெருமுனையில் இறங்கி உருட்டிக்கொண்டு போய், மறுமுனையில் ஏற வேண்டும். நான் அப்போது பட்டம் பெற்று பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள் மாலை, அந்தத் தெருவில் வழக்கம்போல் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். யாரும் சொல்லவில்லை, என் கால்கள் தாமாகவே இறங்கின. பின்னாலிருந்து மணியோசை கேட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், முன்னால் என் ஆத்தா. திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “ஏ, இறங்கு! இறங்கு!” என்று அதட்டினார்.

ஆத்தா வண்டியை நிறுத்தாமலே சொன்னார்: “இறங்கத் தெரியாதுங்க ஐயா! ஏறத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க!”

உண்மையும் அதுதான். அவருக்கு இறங்கத் தெரியாது. தெருவைக் கடந்து, எங்கள் பகுதிக்கு வந்து, வைக்கோற் போரில் மோதித்தான் நின்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவோரம் நின்ற என்னையும் அவர் பார்த்திருப்பார். அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மறுநாள் முதல் ஆண்களும் இறங்காமல் போனார்கள் என்று சொன்னால் இந்தக் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. அரசாங்க ஏற்பாடு என்பதால் பெண்களை விட்டுவிட்டார்கள். சில திங்களுக்குப் பின் ஏறிப்போன எங்கள் இளைஞன் ஒருவன் அடிபட்டான். புகார், விசாரணை, பேச்சுவார்த்தை என்று அது தீர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த இளைஞன் விசாரணையில், ஏன் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, “இறங்கத் தெரியாதுங்க” என்றே விடை சொன்னான் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நம் கழகம் தொடங்கியபோது ஆத்தா உறுப்பினரானார். அறிவொளியில் கற்ற எழுத்தால் பதிவேட்டில் கையொப்பமிட்டார். ஒவ்வோர் எழுத்தும் நெல்லிக்காய் அளவு. பெயர் இரண்டு வரிகளை அடைத்துக்கொண்டது. செயலாளர் முகம் சுளிக்க, “ரெண்டு வரிக்கு ரெண்டு சந்தாவாப்பா?” என்று கேட்டார். அந்தப் பதிவேடு இன்றும் அலுவலகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மாலைப் படிப்பகத்தில் பின்வரிசையில் கடலையோடு உட்கார்ந்திருப்பார். படிப்பை விட்டு நிற்கப் பார்த்த பையன்களில் சிலர் கடலைக்காகவும் விடுகதைக்காகவும் வந்து, வந்த பழக்கத்தில் படித்தும் விட்டார்கள். அவர்கள் இப்பந்தலில் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் கூச்சப்படுவார்கள்.

அப்பாயியாக அவர் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல நேரம் போதாது. 2008ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஓர் இரவு வீடு திரும்பினேன். இருட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது! “மாணவச் செல்வங்களே! ஒழுக்கம் என்பது யாது?” எட்டிப் பார்த்தால், அரிக்கேன் விளக்கொளியில் என் பழைய மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டி, அகப்பையைப் பிரம்பாகப் பிடித்து, ஆத்தா உலாத்திக்கொண்டிருக்கிறார். பேரப் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். சற்று நேரம் வெளியிலேயே நின்றேன். அவ்வளவு சலிப்பூட்டுகிறவனா நான் என்று தோன்றியது. அடுத்த வாரத்திலிருந்து காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் பேச்சு பத்து நிமிடத்திலிருந்து நான்காகக் குறைந்தது. இன்று அந்தக் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு பேரைச் செய்து காட்டியவர், ஒருவனை மட்டும் செய்து காட்டியதில்லை. “அப்பா சின்னப் பிள்ளையில எப்படி இருந்தாங்க அப்பாயி?” என்று பேத்தி கேட்பாள். நான் தவழ்ந்ததை, திருட்டுத்தனமாக வெல்லம் தின்றதை, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் அழுததை எல்லாம் நடித்துக் காட்டுவார். பேருந்து நிறுத்தத்துக்கு வரும்போது கதை நின்றுவிடும்.

2016ஆம் ஆண்டு அவர் மருத்துவமனையில் இருந்தார். செவிலியர் படிப்பு முடித்திருந்த பேத்தி பக்கத்திலேயே இருந்தாள். ஊசி போட வந்தவர்களையெல்லாம் ஆத்தா நடித்துக் காட்டிவிட்டிருந்தார். அடுத்த கட்டில்காரர்கள் அவரால் தூக்கம் கெட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு மாலை, எனக்குள் ஒரு துணிவு வந்து, “ஆத்தா, அன்னைக்கு விடுதியில...” என்று தொடங்கினேன். மேலே சொல்ல வரவில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கீழுதட்டைப் பிதுக்கினார். தலையைக் குனிந்துகொண்டார். நோயால் மெலிந்த தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒன்பதாம் வகுப்புப் பையனின் உடைந்த குரலில், “இனிமே நீ வராத ஆத்தா” என்றார்.

என் மகள் ஒன்றும் அறியாமல் கைகொட்டிச் சிரித்தாள். “யார் அப்பாயி அது?” என்றாள். “எங்க வீட்டுல ஒரு வாத்தியாரு இருந்தாரு” என்றார் ஆத்தா. நான் அழுதேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, நடிப்பு சரியாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து அவர் காலமானார்.

மலர்க் குழுவினர் அவருடைய படம் ஒன்று கேட்டிருந்தார்கள். வாக்காளர் அட்டையில் உள்ள படம் மரியாதையாக இருக்கும் என்று என் தம்பி சொன்னான். அதில் அவர் யாரோ போல இருக்கிறார். அறிவொளித் தொண்டர் ஒருவர் 1992இல் எடுத்த படம் இருக்கிறது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒரு பல் இல்லாத வாயை முழுவதும் திறந்து சிரிக்கிறார். அதையே கொடுத்திருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது என்று குழுவினர் அதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.